காரைக்குடிச் சம்பளத்துக்கு ரசீது இல்லை: ஆஸ்திரேலியத் தொழில்திறன் மதிப்பீட்டில் எதைக் காட்டுவது?

கோட்டையூரான் எழுதியது:

வணக்கம். ஆஸ்திரேலியாவின் திறன்சார் குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். வயது 32; வருகிற மே மாதம் 33 ஆகிவிடும். 2014இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. சிவில் முடித்தேன். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தைவிட்டு வெளியே வேலை பார்த்ததில்லை.

முதல் நான்கு ஆண்டுகள் காரைக்குடியில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் இருந்தேன். பழைய நகரத்தார் வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். ஒழுகும் மெட்ராஸ் மாடியைப் பிரித்துக் கட்டுவது, உளுத்த உத்தரத்துக்கு மாற்று கொடுப்பது, சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பதிப்பது எல்லாம் உண்டு. சனிக்கிழமை மாலை கையில் சம்பளம். ரசீது கிடையாது, கையெழுத்துக் கிடையாது. ஆனால் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. 2018 ஜூலையில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே சம்பளம் வங்கி வழியாக வருகிறது. வருமான வரிக் கணக்கும் ஆண்டுதோறும் தாக்கல் செய்கிறேன். 20 பேருக்குக் குறைவான நிறுவனம் என்பதால் பி.எஃப். இல்லை.

ஒரு முகவரைப் பார்த்தேன். ஒன்றரை லட்சம் கேட்கிறார். பொறியியல் திறனை நாமே விவரித்துக் காட்ட வேண்டிய சி.டி.ஆர். அறிக்கையை அவர்களே எழுதித் தருவார்களாம். முதல் நான்கு ஆண்டுகளுக்குச் சம்பள ரசீதும் 'தயார் செய்து' தருவார்களாம். சிவில் பொறியாளர் என்று போகாமல் கட்டுமானத் திட்ட மேலாளர் என்று போனால் எளிது என்றும் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த நான்கு ஆண்டு உழைப்பு கணக்கில் வராமலே போய்விடுமா? உள்ளூரில் வீடு பழுது பார்த்ததையெல்லாம் பொறியியல் என்று ஏற்பார்களா? மனைவி செவிலியர்; தனியார் மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறார். அவர் பக்கம் வழி உண்டா?

பர்த் பள்ளத்தூரான் எழுதியது:

தம்பி, முதலில் அந்த முகவரிடம் பணம் கொடுக்காதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். நீங்கள் பொறியாளர்தானா என்பது ஒன்று. எத்தனை ஆண்டு பொறியாளராக வேலை பார்த்தீர்கள் என்பது மற்றொன்று. சிவில் பொறியாளருக்கு இரண்டையும் பார்ப்பது இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. ஆனால் இரண்டுக்கும் கேட்கும் சான்று வேறு.

முதல் கேள்விக்கு வருவோம். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. ஆனால் இந்தியாவில் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்குத்தான் அந்த வழி. இணைப்புக் கல்லூரியில் படித்த பெரும்பாலானோருக்கு அது பொருந்தாது, எனக்கும் பொருந்தவில்லை. அப்போது சி.டி.ஆர். எழுத வேண்டும். மூன்று கேரியர் எபிசோட்கள், அதாவது நீங்கள் செய்த ஒரு பணியை விவரிக்கும் கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 சொற்கள். பத்திகளுக்கு 1.1, 1.2 என்று எண் போட வேண்டும். கடைசியில் ஒரு தொகுப்பு அட்டவணை: பொறியாளருக்கு வேண்டிய 16 திறன்கூறுகளில் எது எந்தப் பத்தியில் தெரிகிறது என்று நீங்களே சுட்டிக்காட்ட வேண்டும். எபிசோட் கல்லூரித் திட்டப்பணியாகவும் இருக்கலாம், வேலையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, ஆண்டுக் கணக்கு. இதைத்தான் விசாவுக்கான புள்ளிக்காகக் காட்டுகிறோம். நிறுவனத்தின் கடிதத்தாளில் பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரமா, என்னென்ன பணி என்ற விவரத்தோடு ஒரு கடிதம் வேண்டும். அதோடு நிறுவனம் அல்லாத மூன்றாம் தரப்பின் சான்றும் வேண்டும்: வரி ஆவணம், பி.எஃப். கணக்கு போன்றவை. கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம், வரித் துறையின் பதிவை அப்படி உருவாக்க முடியாது; அதனால்தான் இரண்டாவதைக் கேட்கிறார்கள். 2018 முதல் உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளைப் புள்ளிக்குக் கேட்காதீர்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் செய்த வேலையை எபிசோடாக எழுதலாம். பழைய முதலாளியிடம் உண்மையான ஒரு கடிதம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

திட்ட மேலாளர் என்று போகலாமா என்றால், அந்தத் தொழிலை மதிப்பிடுவது வெட்அசெஸ் என்ற வேறு அமைப்பு. தொழில் குறியீடு என்பது நமக்குப் பிடித்த பெயரைத் தேர்ந்தெடுப்பது அல்ல. அன்றாடம் நீங்கள் செய்யும் பணிகள் எந்தக் குறியீட்டின் விவரிப்போடு ஒத்துப்போகின்றனவோ அதுதான் உங்கள் தொழில். உங்கள் வேலையைக் கேட்டால் எனக்கு 233211, சிவில் பொறியாளர்தான் தெரிகிறது.

கோட்டையூரான் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. ஆனால் எபிசோட் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பாலம் கட்டியவர்களும் அணை கட்டியவர்களும் எழுதுவார்கள். நான் என்ன எழுத? கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டில் உத்தரம் தொய்ந்துவிட்டது. மேலே மெட்ராஸ் மாடி: சட்டங்களின் மேல் சுண்ணாம்புக் காரையில் சாய்த்து நிறுத்திய செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கு மேல் தட்டோடு. வீட்டுக்காரர் உத்தரத்தை எடுக்கவே கூடாது என்றார், அது அவர் பாட்டனார் ரங்கூனிலிருந்து கப்பலில் இறக்கிய மரம். உத்தரத்தின் இரு பக்கமும் இரும்புச் சேனல் வைத்துப் போல்ட் போட்டுத் தாங்கினோம். அவ்வளவுதான்.

பர்த் பள்ளத்தூரான் எழுதியது:

> அவ்வளவுதான்.

இந்தச் சொல்தான் நம்மைக் கெடுக்கிறது. சேனலின் அளவை யார் முடிவு செய்தார்கள்? கூரையின் எடையை யார் கணக்கிட்டார்கள்?

கோட்டையூரான் எழுதியது:

நான்தான். தட்டோடு முதல் சட்டம் வரை அடுக்கடுக்காகத் தடிமன் அளந்து எடை போட்டேன். இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 875இல் உள்ள எடைகளோடு ஒப்பிட்டேன். மரத்தின் தாங்குதிறனுக்கு ஐ.எஸ். 883, இரும்புக்கு ஐ.எஸ். 800. உத்தரத்தின் நடுவில் தொய்வு எவ்வளவு என்று நூல் கட்டி அளந்தேன். மேஸ்திரி ஒரே கனமான ஐ-பீம் போதும் என்றார். அதைத் தாங்கும் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். முனையில் எடை ஒரே இடத்தில் இறங்கினால் நொறுங்கிவிடும் என்று சொல்லி மறுத்தேன். இரண்டு சேனலாகப் பிரித்து, முனையில் கருங்கல் திண்டு கொடுத்து எடையைப் பரப்பினேன்.

பர்த் பள்ளத்தூரான் எழுதியது:

இதோ முதல் எபிசோட் கிடைத்துவிட்டது. ஒரு சிக்கல், அளவீடு, விதிநூல், இரண்டு தீர்வுகளில் ஒன்றைக் காரணத்தோடு மறுத்தது, வீட்டுக்காரர் விருப்பத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே வழி கண்டது. மதிப்பிடுபவர் தேடுவது இவற்றைத்தான். திட்டத்தின் செலவு எத்தனை கோடி என்று அவர் பார்ப்பதில்லை. மேலும், இந்தச் செட்டிநாட்டு ஊர்களை நீங்கள் பட்டம் பெற்ற அதே 2014இல்தான் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. அந்த வீடு ஒன்றைத் தாங்கி நிறுத்தியவர் நீங்கள். பின்னணிப் பத்தியில் அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். என் முதல் வரைவு முழுவதும் 'கணக்கிடப்பட்டது', 'மாற்றினோம்' என்றே இருந்தது. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் 'நான் செய்தேன்' என்று சொன்னால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். எபிசோடில் அந்த அடக்கம் பிழையாகிவிடும். 'நாங்கள்' என்று எழுதினால் அதில் உங்கள் பங்கு எது என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாது. 'நான் அளந்தேன், நான் மறுத்தேன், நான் வரைந்தேன்' என்றே எழுதுங்கள். அது பெருமை பேசுவதாகாது, சாட்சி சொல்வது.

கண்டனூர் மகள் எழுதியது:

நான் மெல்பர்னில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் மனைவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செவிலியர்களின் குடியேற்ற மதிப்பீட்டைச் செய்வது ஆன்மாக். வேலை பார்ப்பதற்கான பதிவு ஆப்ரா வழியாக நடக்கிறது. இந்தியாவில் படித்த பதிவுச் செவிலியருக்கு அதில் பெரும்பாலும் இரண்டு தேர்வுகள்: என்கிளெக்ஸ் கணினித் தேர்வு, பிறகு ஆஸ்திரேலியாவுக்கு நேரில் வந்து எழுத வேண்டிய ஓஸ்கி செய்முறைத் தேர்வு. அவர் படித்தது பி.எஸ்சி.யா டிப்ளமாவா என்பதைப் பொறுத்துப் பாதை மாறும். அவரையே முதல் விண்ணப்பதாரராக வைக்க முடியுமா என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கணவர் பொறியாளர் என்பதால் அவர்தான் முதல் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் விண்ணப்பம் என் பெயரில்தான் போனது. என் மாமியார்தான் அதை முதலில் சொன்னார்.

ஒக்கூர் வாசகன் எழுதியது:

எல்லோரும் எப்படிப் போவது என்றே பேசுகிறீர்கள். எனக்கு மனம் கனக்கிறது. எங்கள் தெருவில் பதினோரு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சுண்ணாம்பு அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூச்சுப் பூசத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். உத்தரத்தின் எடையைக் கணக்குப் போடத் தெரிந்த ஒரு பிள்ளை இங்கே இருக்கிறார் என்று இந்த இழையில்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றே அவரை அனுப்பிவைக்கும் பேச்சாக இருக்கிறது.

கோட்டையூரான் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது எனக்கும் வலிக்கிறது. ஆனால் பன்னிரண்டு ஆண்டு வேலைக்குப் பிறகும் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கிறேன். பழைய வீடுகளுக்குச் செலவு செய்ய வருபவர்கள் மரச் சிற்பத்துக்குக் கொடுக்கும் விலையைப் பொறியாளருக்குக் கொடுப்பதில்லை.

புதுவயல் டைல் எழுதியது:

இதில் எனக்கும் ஒரு கேள்வி. 12 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் டைல் பதிக்கிறேன். ஊரில் ஆத்தங்குடிக் கல் பதித்துப் பழகிய கை. நான் போனபோது ஸ்கில் டெஸ்ட்டில் சுவரில் டைல் ஒட்டிக் காட்டினேன், கையைப் பார்த்துத் தேர்ச்சி கொடுத்தார்கள். எனக்குப் பட்டம் எதுவும் இல்லை. டைல் வேலைக்கு ஆஸ்திரேலியாவில் வழி உண்டா?

பர்த் பள்ளத்தூரான் எழுதியது:

உண்டு. சுவர் மற்றும் தளம் டைல் பதிப்பவர் என்றே தொழில் குறியீடு இருக்கிறது, 333411. கைத்தொழில்களின் மதிப்பீடு டி.ஆர்.ஏ. என்ற அரசு அமைப்பின் கீழ் வருகிறது. நீங்கள் சிங்கப்பூரில் இருப்பது ஒரு வகையில் நல்லது. 2016 ஏப்ரல் முதல் அங்கே விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது சட்டப்படி கட்டாயம். அவற்றையும், வேலை அனுமதிக்கு முன் வரும் ஐ.பி.ஏ. ஒப்புதல் கடிதங்களையும் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறீர்களா?

புதுவயல் டைல் எழுதியது:

பெட்டிக்கு அடியில் இருக்கின்றன. மனைவி எடுத்து வைத்திருக்கிறார். இத்தனை நாள் அவற்றைக் குப்பை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

தேவகோட்டை அடுப்படி எழுதியது:

டைல் சகோதரருக்கு ஒரு சமையல்காரனின் அனுபவம். கல்யாணப் பந்திகளில் அப்பாவோடு நின்று பழகியவன் நான். பிறகு சென்னையில் ஒரு ஓட்டலில். செஃப், குக் வேலைகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஆவணச் சரிபார்ப்பு முடிந்த பிறகு நேரடிச் செய்முறைத் தேர்வும் வாய்மொழிக் கேள்விகளும் உண்டு.

ஐந்நூறு இலைக்குக் கணக்குச் சொல்லுங்கள், தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் அங்கே கேட்டது வேறு. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் எவ்வளவு நேரம் இருக்கலாம்? 2 மணி நேரத்துக்குள் என்றால் திரும்பக் குளிர்பெட்டியில் வைக்கலாம். 2 முதல் 4 மணி வரை என்றால் உடனே பரிமாறிவிட வேண்டும். 4 மணி தாண்டினால் கொட்ட வேண்டும். கறி வெட்டும் பலகையும் காய் வெட்டும் பலகையும் ஏன் வெவ்வேறு? எனக்கு ஒவ்வாமை என்று விருந்தினர் சொன்னால் என்ன செய்வாய்? என் அப்பா இவற்றில் பாதியை வாய்விட்டுச் சொல்லாமலே செய்தவர். கவிச்சி வெட்டிய அரிவாள்மனையைப் பணியார மாவுப் பக்கம் கொண்டுவர விடமாட்டார். ஏன் என்று கேட்டால் அடிதான் விழும். தேர்வில் அந்த 'ஏன்' என்பதற்குத்தான் மதிப்பெண். கை செய்வதை வாய் சொல்லப் பழக்குங்கள். நான் இரண்டு மாதம் கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பழகினேன்.

செக்காலைத் தெரு எழுதியது:

முகவர் 'தயார் செய்து தரும்' ரசீதைப் பற்றி யாரும் அழுத்தமாகப் பேசவில்லை. என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவனுக்கு உண்மையிலேயே ஆறு ஆண்டு அனுபவம் இருந்தது. ஒரு முகவர் அதை எட்டாக்கினார். சரிபார்க்க நிறுவனத்துக்குத் தொலைபேசி வந்தது. எடுத்த கணக்குப்பிள்ளை உண்மையான தேதியைச் சொன்னார். அவர் மேல் என்ன தவறு? 4020 என்ற விதியின்படி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குத் தடை. அடையாளத்திலேயே மோசடி என்றால் 10 ஆண்டுகள். தடை முடிந்தபோது அவனுக்கு வயது 40. ஆறு ஆண்டைச் சொல்லியிருந்தாலும் விசாவுக்கு விண்ணப்பிக்க அவனுக்கு அழைப்பு வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். முகவர் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை.

விலைக்கு வாங்கும் சி.டி.ஆர்.ரும் அப்படித்தான். ஒரே எபிசோட் பத்துப் பேர் பெயரில் போகிறது. மென்பொருளில் பிடிபட்டால் நிராகரிப்பு, தடை, குடியேற்றத் துறைக்குத் தகவல். ஆலோசகர் வேண்டுமென்றால், குடியேற்ற முகவர்களைப் பதிவு செய்யும் ஆஸ்திரேலிய அமைப்பான ஓ.மாராவில் பதிவுள்ளவரா என்று பாருங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம்.

கானாடுகாத்தான் பெரியவர் எழுதியது:

எனக்கு வயது 78. விசா விவரம் தெரியாது. ஆனால் கணக்கு தெரியும். என் ஐயா பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். பிறகு அடுத்தாள், கடைசியில் மேலாள். போகும்போதே சம்பளச் சீட்டு எழுதுவார்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம், வீட்டுக்கு எவ்வளவு முன்பணம் என்று அதில் இருக்கும். மூன்று ஆண்டு முடிந்து ஊருக்குத் திரும்பினால் முதலாளி வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேரேட்டை வரிவரியாக ஒப்பிப்பார். ஐயாவின் சீட்டுகள் இன்னும் என் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. கடல் கடந்த வேலை முழுவதையும் எழுதி வைத்த ஊர் இது. உள்ளூர் வேலைக்கு மட்டும் எழுதாமல் விட்டோம். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் ஆத்தங்குடியில் கல் அச்சடிக்கும் பெண்களுக்கும் யாராவது சீட்டு எழுதியதுண்டா?

கோட்டையூர்த் தம்பி, உங்கள் பழைய ஒப்பந்தக்காரர் எழுதாமல் சம்பளம் கொடுத்தார் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது. உங்களிடம் கையெழுத்து வாங்காமல் இருந்திருக்கலாம். தனக்கென்று எழுதாமல் இருந்திருக்க மாட்டார். போய்க் கேளுங்கள்.

பர்த் பள்ளத்தூரான் எழுதியது:

பெரியவர் சொன்னதைச் செய்யுங்கள் தம்பி. இதற்கிடையே உங்கள் புள்ளியைக் கூட்டிப் பார்த்தேன். இப்போது வயதுக்கு 30, பட்டத்துக்கு 15, ஏழு ஆண்டு அனுபவத்துக்கு 10, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதிகளிலும் 7 வாங்கினால் 10: மொத்தம் 65. மே மாதம் 33 ஆனதும் வயதில் 5 குறையும். ஆனால் ஜூலையில் வங்கிச் சம்பளம் எட்டு ஆண்டை எட்டுகிறது. அனுபவம் 15 ஆகும். மீண்டும் அதே 65. ஆகவே மே மாதத்துக்கு முன் ஓட வேண்டும் என்று அந்த முகவர் அவசரப்படுத்தியிருந்தால் அதில் பொருளில்லை. அழைப்பு வரும் நாளில் உள்ள புள்ளிதான் கணக்கு.

65 என்பது உள்ளே நுழையும் வாசற்படி மட்டுமே. அழைப்பு மேலிருந்து கீழாக வரும். மனைவி ஆங்கிலத் தேர்வில் நான்கிலும் 6 வாங்கினால் உங்களுக்கு 5 கூடும். அவருடைய தொழிலுக்கும் மதிப்பீடு கிடைத்தால் அந்த 5 என்பது 10 ஆகும். மாநிலம் பரிந்துரைக்கும் 190 என்ற விசாவுக்கு 5. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மாநகரங்களுக்கு வெளியே வாழ ஒப்புக்கொள்ளும் 491 விசாவுக்கு 15. அது ஐந்தாண்டு விசா. மூன்றாண்டு நிபந்தனைப்படி இருந்தால் 191 விசா வழியாக நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாவற்றையும்விட ஆங்கிலத்தில் 7ஐ 8 ஆக்குவதுதான் உங்கள் கையில் இருப்பது. அதற்கு 20. அந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு பகுதியை அதற்குச் செலவிடுங்கள். விசாக் கட்டணமே முதல் விண்ணப்பதாரருக்கு 4,700 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். மனைவிக்கும் குழந்தைக்கும் தனி.

கோட்டையூரான் எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். பழைய ஒப்பந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். இப்போது தொழிலை விட்டுவிட்டார், கண் சரியாகத் தெரிவதில்லை. பெரியவர் சொன்னது அப்படியே நடந்தது. பரணிலிருந்து நான்கு நீள நோட்டுகளை இறக்கச் சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு பக்கம். கொத்தனார், சித்தாள், ஆசாரி என்று வரிசையாகப் போய், கடைசி வரியில் 'இன்ஜினியர் தம்பி' என்று என் சம்பளம். எந்த வீட்டில் என்ன வேலை என்பதும் இருக்கிறது. கொத்தமங்கலம் உத்தரம் நடந்த வாரத்தில் 'சேனல் 2, கருங்கல் 4' என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

இதை வைத்துப் புள்ளி கேட்கப் போவதில்லை. எபிசோடுகளின் தேதிகளை இந்த நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன். கடிதமும் கொடுத்தார். நான் எழுதிப்போன வாசகத்தில் 'தலைமைப் பொறியாளர்' என்று இருந்ததை அடிக்கச் சொன்னார். அப்படி ஒரு பதவி என்னிடம் இல்லையே தம்பி, தளப் பொறியாளர் என்று போடு என்றார். அடித்துவிட்டுப் போட்டேன்.

முகவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனைவியின் படிப்பு பி.எஸ்சி.தான். கண்டனூர் அக்கா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். அண்ணா, இரண்டாவது எபிசோடுக்கு முற்றத்து மழைநீரை ஊரணிக்குக் கொண்டுபோன வடிகால் வேலையை எடுத்துக்கொள்ளலாமா? சாய்வு, குழாய் விட்டம், மழையளவு எல்லாம் நானே கணக்கிட்டவை.

பர்த் பள்ளத்தூரான் எழுதியது:

எடுத்துக்கொள்ளுங்கள். மழையளவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வரைவு முடிந்ததும் அனுப்புங்கள், 'நாங்கள்' எங்கெல்லாம் இருக்கிறது என்று கோடு போட்டுத் தருகிறேன்.

ஒக்கூர் வாசகன் எழுதியது:

தம்பி, கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வாருங்கள். எங்கள் வீட்டு வளவில் ஓர் உத்தரம் தொய்ந்திருக்கிறது. ரசீதோடு பணம் தருகிறேன்.